மேலாளரிடம் ‘குதசாய்’ சொல்லலாமா?

ஏப்ரல் முதல் ஒசாகாவில் ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் எனக்கு, என்5 எனும் தொடக்க நிலை ஜப்பானிய மொழிதான் தெரியும்; ‘தயவுசெய்து’ என்று கேட்கப் பயன்படும் ‘குதசாய்’, ‘ஒனெகாய்ஷிமஸ்’ இரண்டின் வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை. உணவகத்தில் தண்ணீர் கேட்க இரண்டுமே பொருந்துகின்றன. ஆனால் டாக்சியில் ‘உமெதா எக்கி மதே’ (உமெதா நிலையம் வரை) என்று இடத்தைச் சொன்ன பின் ‘ஒனெகாய்ஷிமஸ்’தான் வருகிறது, ‘மத்தே’ (காத்திரு) போன்ற வினைவடிவத்துக்குப் பின்னோ ‘குதசாய்’தான் வருகிறது.

இவ்வளவும் பாடநூலையும் அகராதியையும் புரட்டித் தெரிந்துகொண்டவை. சக ஊழியரைக் கேட்டால், இரண்டும் மரியாதைச் சொற்களே என்கிறார். இருந்தும் மேலாளருக்குச் செல்லும் மின்னஞ்சல்களில் எல்லோரும் ‘கொ-கக்குனின் ஒனெகாய்ஷிமஸ்’ (சரிபார்க்க வேண்டுகிறேன்) என்றே எழுதுகிறார்கள். ‘கக்குனின் ஷிதே குதசாய்’ (சரிபாருங்கள்) என்று ஒருவரும் எழுதுவதில்லை. மரியாதையின் அளவுதான் எனக்கு முக்கியம்.

வினைவடிவம் தவிர்க்க முடியாத இடத்தில் மேலாளரிடம் ‘குதசாய்’ சொல்லலாமா, ‘இததக்கெமஸ் கா’ (செய்து தர முடியுமா) என்றுதான் கேட்க வேண்டுமா?