கால் ஆஃப் கத்துலு: நூலகத்திலேயே கதை நின்றுவிட்டது, பைத்தியம் பிடிக்கும் விதியிலும் சண்டை. உதவி தேவை

மண்ணெண்ணெய்விளக்கு:
கால் ஆஃப் கத்துலு என்ற திகில் கதையாட்டத்தில் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை போட்டு ஆடுவது) போன சனிக்கிழமைதான் முதல்முறையாகக் கீப்பராக, அதாவது கதையை நடத்துபவராக உட்கார்ந்தேன். 7ஆம் பதிப்பு, இலவச அறிமுக விதிகளோடு வரும் 'தி ஹாண்டிங்' கதை, 1920 பாஸ்டன். (இதை இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் கீழே படிக்காதீர்கள்.) ஆட்டக்காரர்கள் மூன்று பேர். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

கதையில் வரும் பேய்வீட்டில் முன்பு வாழ்ந்து இறந்த கார்பிட்டைப் பற்றித் தேட நூலகத்துக்குப் போனார்கள். லைப்ரரி யூஸ் (நூலகத்தில் தேடும் திறமை) 60 வைத்திருந்த பேராசிரியர் பாத்திரத்துக்கு 87 விழுந்தது, 60ஐத் தாண்டியதால் தோல்வி. மற்ற இருவருக்கும் அடிப்படை 20தான், அவர்களுக்கும் விழவில்லை. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று சொல்லிவிட்டேன், அதற்குமேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை, பத்து நிமிடம் என் முகத்தையே பார்த்து மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எதுவும் தெரியாமலேயே நேரே வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

அப்புறம் நிலவறை. கார்பிட் எழுந்ததும் பேராசிரியருக்கு ஒரே அடியில் 6 சானிட்டி (மனத்தெளிவுப் புள்ளி) போனது. ஐஎன்டி (அறிவுத்திறன்) பகடை போடச் சொன்னேன். 80க்கு 34. 'ஜெயித்துவிட்டேன், தப்பித்தேன்' என்கிறார். ஜெயித்தால்தான் பைத்தியம் என்று நான் படித்த ஞாபகம். யார் சொல்வது சரி?

பத்துமுகம்:
ஆட்டக்காரர் சொல்வதுதான் சரி. பகடையில் ஜெயித்தவனுக்குத் தண்டனை கொடுக்கும் ஆட்டம் எங்கேயாவது உண்டா?

நள்ளிரவு_கீப்பர்:
உண்டு, இதுதான் அது. :) ஒரே பகடையில் 5 அல்லது அதற்குமேல் சானிட்டி போனால் ஐஎன்டி போட வேண்டும். ஜெயித்தால், கண்டது என்னவென்று மூளைக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்று பொருள், அதனால் தற்காலிகப் பைத்தியம். தோற்றால் மனசே அதை மூடி மறைத்துவிடும், ஆள் தப்பித்தார். உங்கள் பேராசிரியருக்கு முதலில் பித்துவேகம், கூட ஆட்கள் இருந்ததால் ஒரு பத்துமுகப் பகடை காட்டும் எண்ணிக்கைச் சுற்றுகளுக்கு அவர் உங்கள் கையில். அந்த நேரத்தில் மேற்கொண்டு சானிட்டி குறைக்காதீர்கள், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். வேகம் தணிந்த பிறகும் மொத்தமாக 1 முதல் 10 மணி நேரம்வரை மனசு நொந்த நிலையிலேயே இருப்பார்.

நூலக விஷயத்தில் தப்பு உங்களுடையதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். கதை நகர அவசியமான துப்புக்குப் பகடையே கேட்கக் கூடாது, தேடினால் கொடுத்துவிட வேண்டும். சரி, போட்டுத் தோற்றாகிவிட்டது என்றால் 'புஷ்' பண்ண விடுங்கள், அதாவது ஆபத்துக்குத் துணிந்து இன்னொரு முறை போடுவது. ஆனால் 'மறுபடி தேடுகிறேன்' என்று மொட்டையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வேறு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். 'நூலகம் மூடிய பிறகும் ஒளிந்திருந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டுகிறேன்' என்றால் அது புஷ். 'மாட்டினால் போலீஸ்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெய்விளக்கு:
அதிலும் தோற்றால்? திரும்பவும் அதே மிக்சர்தானே?

நள்ளிரவு_கீப்பர்:
அதற்குத்தான் ஐடியா ரோல், துப்பு கிடைக்காமல் கதை நின்றுவிட்டால் போடும் பகடை. இதிலும் பகடை விழாவிட்டால் துப்பு போய்விடாது, ஆனால் ஏடாகூடமான இடத்தில் கிடைக்கும். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும்போது அங்குள்ள பழைய போலீஸ்காரர் ஒருவர் கார்பிட்டோடு தொடர்புள்ள தியான தேவாலயத்தில் நடந்த சோதனையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லட்டும், அதற்குள் ஒரு நாள் வீண். இன்னொன்று, ஒரே துப்பை ஒரே இடத்தில் பூட்டி வைக்காதீர்கள், பாஸ்டன் குளோப் நாளிதழ் அலுவலகத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வையுங்கள்.

ஈரத்தீப்பெட்டி:
இந்தத் தொல்லைக்காகவே ட்ரெயில் ஆஃப் கத்துலு என்று 2008இல் கென்னத் ஹைட் வேறோர் ஆட்டம் எழுதினார். அதில் சரியான இடத்தில் சரியான திறமையைப் பயன்படுத்தினால் துப்பு நிச்சயம், பகடையே கிடையாது. எனக்கு அது கொஞ்சம் சப்பென்று இருந்தது, ஆனால் ஒரு தடவை ஆடிப் பாருங்கள்.

பத்துமுகம்:
ஐஎன்டி விஷயத்தில் நான் சொன்னது தப்புதான், இப்போதுதான் விதிநூலைப் பார்த்தேன். மூன்று வருடமாகத் தலைகீழாக ஆடியிருக்கிறோம்.

மண்ணெண்ணெய்விளக்கு:
பேராசிரியரிடம் காட்டிவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வரும் சனிக்கிழமை நிலவறையிலிருந்தே தொடர்கிறோம். பித்துவேகத்தில் கையிலிருந்த விளக்கைப் போட்டு உடைத்துவிட்டு மாடிப்படி ஏறி ஓடுவதாக வைத்திருக்கிறேன், மற்ற இருவரும் இருட்டில்.