‘ஆற்றங்கரை வீடு’ குழு: பாட்டியின் பரிசோதனை திங்களா, புதனா?

16-06-2025

காலை 8:05, மதுரை அத்தை:
அம்மாவை வெறும் வயிற்றோடு ஆய்வகத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். பரிசோதனை புதன்கிழமைக்கு மாறிவிட்டது என்கிறார்கள். தம்பி, நீ நேற்றிரவு அனுப்பிய வரியில் திங்கள் என்றுதானே இருந்தது?

காலை 8:07, பெங்களூரு அண்ணன்:
பாட்டி முதலில் ஏதாவது சாப்பிடட்டும் அத்தை.

காலை 8:09, மதுரை அத்தை:
இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

காலை 8:31, திருச்சி சித்தப்பா:
அக்கா, பிழை முழுவதும் என்னுடையது. நான் அனுப்பிய வரி இதுதான்:
<2025-06-18 திங்கள் 07:30-08:30> அம்மா, சர்க்கரைப் பரிசோதனை
ஆய்வகத்தார் தேதியை மாற்றியதும், ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் நம் ஆர்க் மோடு கோப்பை, அதாவது குறிப்புகளையும் தேதிகளையும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பைத் திறந்து, 16 என்ற எண்ணை அழித்துவிட்டு 18 என்று கையால் எழுதினேன்; அப்படி எழுதினால் பக்கத்தில் உள்ள கிழமை தானாக மாறாது என்பதை மறந்துவிட்டேன். அந்தக் கோப்பிலிருந்து நாள்வாரியாகப் பட்டியல் காட்டும் நிகழ்ச்சி நிரல் தேதியைத்தான் கணக்கில் கொள்ளும், கிழமையைப் பார்க்காது. ஆகவே என் திரையில் அது புதன்கிழமையின் கீழ் சரியாகவே வந்தது. நானும் ஐயமின்றிக் கோப்பிலிருந்த வரியை எடுத்து இங்கே ஒட்டிவிட்டேன்.

காலை 8:34, கோவைப் பெரியப்பா:
எண்ணையும் பார்த்திருக்கலாம்.

காலை 8:36, மதுரை அத்தை:
அண்ணா, எனக்குப் புதன் என்றால் நினைவில் நிற்கும், பதினெட்டு என்றால் நிற்காது.

காலை 8:37, பெங்களூரு அண்ணன்:
சித்தப்பா, வேறு நாட்காட்டிச் செயலிக்கு மாறிவிடலாமா?

காலை 8:52, திருச்சி சித்தப்பா:
வேண்டாம் தம்பி. இது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால்தான் தாத்தாவின் மருந்துக் குறிப்புகள்கூட இன்றும் எந்தக் கருவியிலும் திறக்கின்றன. திருத்தும் முறையில்தான் நான் தவறினேன். தேதியின் மேல் சுட்டியை வைத்து ஷிஃப்ட்டுடன் மேல் அம்புக்குறியை இருமுறை அழுத்தியிருந்தால், 18 ஆகும்போதே கிழமையும் புதன் ஆகியிருக்கும். கையால் எழுதிய பிறகும் அந்த இடத்தில் கண்ட்ரோல்-சியை இருமுறை அழுத்தினால் தவறான கிழமை திருந்திவிடும். நிரலிலிருந்தே ஷிஃப்ட்டுடன் வலது அம்பை அழுத்தி ஒவ்வொரு நாளாகத் தள்ளவும் முடியும். ஆனால் மாற்றம் கோப்பில் பதிந்துவிட்டாலும் நிரலில் உடனே தெரியாது, ‘ஆர்’ விசையை அழுத்திப் புதுப்பித்த பிறகே அதைக் குழுவில் ஒட்ட வேண்டும். இனி அப்படித்தான் செய்வேன்.

காலை 8:58, மதுரை அத்தை:
புதனன்று ஏழு மணிக்கே வரச் சொல்கிறார்கள். அதையும் மாற்றிவிடு.

காலை 9:03, திருச்சி சித்தப்பா:
மாற்றிவிட்டேன் அக்கா. தொடக்க நேரத்தின் நிமிடத்தில் நின்று ஷிஃப்ட்டுடன் கீழ் அம்பை ஆறு முறை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் குறையும், முடிவு நேரமும் கூடவே நகர்வதால் ஒரு மணி நேர அளவு மாறாது. முடிவு நேரத்தை மட்டும் மாற்றினால்தான் அளவு கூடும், குறையும்.
<2025-06-18 புதன் 07:00-08:00> அம்மா, சர்க்கரைப் பரிசோதனை

காலை 9:06, கோவைப் பெரியப்பா:
அப்பாவின் திதியையும் இதே கோப்பில்தானே வைத்திருக்கிறாய்? அது எப்படி ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருகிறது?

காலை 9:14, திருச்சி சித்தப்பா:
ஆண்டுக்கொருமுறை திரும்பும்படி குறி போட்டிருந்தேன் அண்ணா. அது ஆங்கிலத் தேதியைத்தான் திருப்பித் தரும். திதியோ சந்திரனைப் பொறுத்து நகர்வது. குறியை எடுத்துவிட்டு, ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்துத் தேதியை எழுத வேண்டும்.

காலை 9:15, மதுரை அத்தை:
சென்ற ஆண்டே நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

காலை 9:17, கோவைப் பெரியப்பா:
வாத்தியாரிடம் கேட்டுச் சொல்கிறேன். புதனன்று அம்மாவுடன் யார் போவது? முறை வைத்துக்கொள்ளலாம்.

காலை 9:19, மதுரை அத்தை:
அப்பா மருத்துவமனையில் இருந்தபோதும் முறை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பேசினோம் அண்ணா. எல்லா இரவும் தங்கியவள் நான்தான்.

காலை 9:26, பெங்களூரு அண்ணன்:
செவ்வாய் இரவு பேருந்தில் வரப் பார்க்கிறேன் அத்தை. விடுப்பு கிடைத்ததும் சொல்கிறேன்.

காலை 9:28, திருச்சி சித்தப்பா:
அந்த வரியின் கீழ் உன் பெயரைக் கேள்விக்குறியோடு எழுதி வைக்கிறேன்.