பழைய செடானுக்கு நாலு டயர் மாத்தணும்: ‘ஆல் சீசன்’ தேவையா, எந்த சைஸ்?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். வண்டி 2011 ஹோண்டா சிட்டி, பெட்ரோல், மேனுவல். டயர் சைஸ் 175/65 ஆர்15, ஸ்டீல் ரிம். வருஷத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் கி.மீ.தான் ஓடும். பெரும்பாலும் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர்னு ஊருக்குள்ளதான். இடையிடையே பாண்டி, எப்பவாவது ஈசிஆர் வழியா சென்னை.

இப்போ இருக்கிற டயர்ல பட்டன் (தரையில படுற ரப்பர் கட்டை) 4 மி.மீ. கிட்ட ஆழம் இருக்கு. ஆனா சைடுவால் (டயரோட பக்கவாட்டுச் சுவர்) முழுக்க பொடிப்பொடியா வெடிப்பு. தேதி எண் 1918. மழையில பிரேக் மிதிச்சா ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற அமைப்பு) சீக்கிரமே கடகடன்னு அடிக்க ஆரம்பிச்சிடுது. ஒரு கடையில ‘ஆல் சீசன் டயர் போடுங்க, எல்லாத்துக்கும் தாங்கும்’னு சொல்றாங்க. இன்னொரு கடையில 195/60 போட்டா கிரிப் கூடும்னு சொல்றாங்க. பட்டன் பாக்கி இருக்கும்போதே மாத்தணுமா? மாத்தினா எந்த மாதிரி டயர், எந்த சைஸ்?

ரெண்டாவது கியர் (புதுச்சேரி)

மாத்துங்க, மழை தொடங்குறதுக்கு முன்னாடியே. 1918னா 2018ஆம் வருஷம் 19ஆவது வாரம், அதாவது மே மாசம் செஞ்ச டயர். பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் ரப்பர் கெட்டியாயிடுச்சுன்னா ஈர ரோட்டுல ஒட்டாது. உங்க ஏபிஎஸ் சீக்கிரம் அடிக்கிறதுக்கு அதுதான் முதல் சந்தேகம். வெயில்ல நின்னு நின்னு ஓடுற வண்டிக்கு இது சகஜம். ரப்பருக்குள்ள இருக்கிற எண்ணெயும் மெழுகும் டயர் உருண்டு மடங்கும்போதுதான் மேல வரும். கம்மியா ஓடுற வண்டியில அது வராம காய்ஞ்சு வெடிக்கும். சைடுவால் வெடிப்போட விட்டுடாம பட்டன் இடுக்கோட அடியிலயும் விரலால விரிச்சுப் பாருங்க. அங்கயும் வெடிப்பு இருந்தா சென்னை பயணம் இப்போதைக்கு வேண்டாம்.

‘ஆல் சீசன்’ங்கிறது குளிர் நாட்டுக் கணக்கு. அங்க கோடைக்கு ஒரு டயர், பனிக்கு ஒரு டயர்னு வச்சிருப்பாங்க. கோடை டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ விறைச்சுப் போகும். ரெண்டு செட் வாங்க முடியாதவங்களுக்கு நடுவாந்திரமா வந்ததுதான் ஆல் சீசன். மார்கழி விடியக்காலையில கூட கடலூர்ல 7 டிகிரியைக் கனவுலதான் பாக்கணும். இங்க கடையில கிடைக்கிற சாதாரண ரேடியல் எல்லாமே வெயிலுக்கும் மழைக்கும்தான். சைடுவால்ல எம்+எஸ்னு போட்டிருந்தா அது சேறு, பனிக்கான அடையாளம். இருந்தா கெடுதல் இல்ல, ஆனா அதுக்காக நூறு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

நம்ம ஊருக்கு சீசன் ரெண்டுதான்: சித்திரை, வைகாசி வெயில், ஐப்பசி, கார்த்திகை மழை. வெயிலை எந்த நல்ல கம்பெனி டயரும் தாங்கும். தேர்வு பண்ண வேண்டியது மழைக்கு.

உங்க ஓட்டத்தை வச்சுப் பாருங்க. வருஷம் 8,000 கி.மீ.னா ஆறு வருஷத்துல 48,000. சாதாரண டயரே 40, 45 ஆயிரம் ஓடிடும். அதனால ‘ஒரு லட்சம் கி.மீ. வரும்’னு விக்கிற நீண்ட ஆயுள் டயர் உங்களுக்கு வீண். அது தேயுறதுக்குள்ள வயசாயிடும். அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் எக்ஸ்3 மாதிரி ரகங்கள் டாக்ஸிக்கும் தினம் நெய்வேலி போய் வர்றவங்களுக்கும் சரி. உங்களுக்கு ஈரப்பிடிப்பை முன்வச்சு செஞ்ச ரகம் வேணும். மிஷ்லின் எனர்ஜி எக்ஸ்எம்2+, குட்இயர் அஷ்யூரன்ஸ் டிரிபிள்மேக்ஸ் 2 ரெண்டையும் முதல்ல கேளுங்க. பிரிட்ஜ்ஸ்டோன், யோகோஹாமாவுலயும் இதே தரத்துல வரும். உங்க சைஸ்ல புது தேதியில எது கையிருப்புல இருக்கோ அதை எடுங்க. பிராண்டைவிட தேதி முக்கியம்.

சில டயர்ல சைடுவால்ல டிரெட்வேர், டிராக்ஷன், டெம்பரேச்சர்னு மூணு விஷயம் அச்சடிச்சிருக்கும். டிராக்ஷன் ‘ஏ’ அல்லது ‘ஏஏ’ இருக்கணும், டெம்பரேச்சர் ‘ஏ’. டிரெட்வேர் எண்ணை ஒரே கம்பெனியோட ரெண்டு டயரை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்க. கம்பெனிக்குக் கம்பெனி அவங்கவங்க வைக்கிற எண்தான் அது.

உப்புக்காத்து (கடலூர் முதுநகர்)

சைஸ் விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன். 175/65 ஆர்15னா அகலம் 175 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அந்த அகலத்துல 65 சதவீதம், ரிம் 15 இன்ச்.

175/65 ஆர்15 டயரோட மொத்த விட்டம் 608.5 மி.மீ. 185/60 ஆர்15 போட்டா 603, ஒரு சதவீதம் கூடக் குறையல. 195/60 போட்டா 615, ஒரு சதவீதம் கூடும். கணக்குப்படி ரெண்டும், கம்பெனி விட்டத்துல இருந்து மாறலாம்னு சொல்ற 3 சதவீத எல்லைக்குள்ளதான் இருக்கு. 185/65 மட்டும் எடுக்காதீங்க. 621.5 வந்து ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 82ல போகும். ஃபெண்டர் லைனர்ல (சக்கரத்துக்கு மேல இருக்கிற உள் மூடி) உரசவும் வாய்ப்பு உண்டு.

ஆனா கணக்குல பொருந்துதுங்கிறதுக்காகப் போடணும்னு இல்ல. அகல டயர் காய்ஞ்ச ரோட்டுலதான் பலன் தரும். ரோட்டுல தண்ணி நிக்கும்போது ஒடுங்கின டயர்தான் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு தரையைத் தொடும். அகலம் கூடக் கூட அது மிதக்கப் பாக்கும். உங்க ரிம் 5.5 இன்ச். 195 அதுல உக்காரும், ஆனா அதுக்குப் பொருத்தமான ரிம்ல அதுதான் கடைசி ஒடுக்கம். ஸ்டியரிங் கனக்கும், மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கும். என் கணக்குல கம்பெனி சைஸான 175/65 போதும்.

லோடு எண் 84, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. அதுக்குக் குறைஞ்சு 82 (475 கிலோ) தலையில கட்டப் பாத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. கடைசி எழுத்து வேகம்: எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ. இப்போ இருக்கிறதைவிடக் கீழ போக வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15633 எண்ணும் இருக்கான்னு பாருங்க.

ரெண்டாவது கியர் (புதுச்சேரி)

195 விஷயத்துல உடன்படுறேன். 185/60ஐ மட்டும் முழுசா ஒதுக்க மாட்டேன். 175/65ல புது தேதி கிடைக்காம, 185/60ல நல்ல ரகம் புதுசா இருந்தா அது பழைய ஸ்டாக்கைவிட மேல். நாலும் அதே சைஸா இருக்கணும், அவ்வளவுதான். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு கலந்தா ஏபிஎஸ்ஸுக்குச் சக்கர வேகக் கணக்கு குழம்பும்.

கெடிலக்கரை (கடலூர்)

ரொம்ப நன்றி. இன்னும் மூணு சந்தேகம். இப்போ ரெண்டு, தீபாவளிக்கு அப்புறம் ரெண்டுன்னு வாங்கலாமா? வாங்கினா புதுசு முன்னாடியா பின்னாடியா? பாண்டியில போய் வாங்கினா விலை குறையுமா? நைட்ரஜன் தேவையா?

வில்லியனூர் வண்டி (புதுச்சேரி)

விலைக்காகப் பாண்டி வர வேண்டாம். பெட்ரோலுக்கு வாட் வேற, அதனால வித்தியாசம் இருக்கு. டயருக்கு 2017 ஜூலையிலிருந்து ரெண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டிதான். எரிப்பாக்கத்துல எம்ஆர்எஃப் தொழிற்சாலை இருக்கே, இங்க மலிவா கிடைக்காதான்னும் சிலர் கேக்குறாங்க. அது டீலர் விலையை மாத்தாது.

2025 செப்டம்பர் 22லிருந்து கார் டயர் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. வரியோட 128 ரூபாயா இருந்தது இப்போ 118, அதாவது 8 சதவீதம் கிட்ட குறைவு. பழைய விலைப்பட்டியலை வச்சு ‘தள்ளுபடி’ கணக்கு சொன்னா பில்லுல வரி எவ்வளவுன்னு பாருங்க. பில்லுல நாலு டயரோட சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்க. வாரண்டிக்கு அதுதான் கேப்பாங்க.

நைட்ரஜன் சும்மா கொடுத்தா வாங்கிக்குங்க. நாம அடிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாசம் ரெண்டு தடவை காத்து பாக்கிறதுக்கு அது மாற்று ஆகாது.

ரெண்டாவது கியர் (புதுச்சேரி)

நாலும் ஒரே வயசுங்கிறதால நாலையும் சேர்த்து மாத்துறதுதான் சரி. கட்டாயம் ரெண்டுதான்னா புதுசு ரெண்டும் பின்னாடி. கடைக்காரர் ‘முன் சக்கர டிரைவ், முன்னாடிதான் போடணும்’னு அடிச்சுச் சொல்லுவார். முன் சக்கரம் தண்ணியில மிதந்தா வண்டி நேரா இழுத்துக்கிட்டுப் போகும். ஆக்சிலேட்டரை விட்டா பிடிப்பு திரும்ப வரும். பின் சக்கரம் மிதந்தா வண்டி சுத்திடும், அதை ஸ்டியரிங்கால பிடிக்க நேரம் இருக்காது. ஈசிஆர்ல மரக்காணம் பக்கம் தாழ்வான இடத்துல தண்ணி நிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

காத்தும் இதுல சேர்த்திதான். டயர் தண்ணியில மிதக்க ஆரம்பிக்கிற வேகம் காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பட்டன் தண்ணியை வெளியேத்த முடியாத நிலையில, 32 பிஎஸ்ஐன்னா ஏறக்குறைய 94 கி.மீ., 24 பிஎஸ்ஐன்னா 82. விமான டயருக்குக் கண்டுபிடிச்ச சூத்திரம், காருக்கு அச்சுப் பிசகாம பொருந்தாது. ஆனா காத்து குறைஞ்சா சீக்கிரம் மிதக்கும்ங்கிறது உறுதி. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். மழை ஊருக்கு 3 மி.மீ. வந்தாலே அடுத்த செட்டுக்குப் பணம் எடுத்து வச்சிடணும்.

உப்புக்காத்து (கடலூர் முதுநகர்)

டயர் தேர்வைவிட மாட்டுறதுலதான் அதிகம் கெடுது. கடலோர ஊர்ல 2011 ஸ்டீல் ரிம்னா டயர் உக்காருற உதட்டுல துரு கட்டாயம் இருக்கும். அப்படியே புது டயரை ஏத்தினா வாரத்துக்கு ரெண்டு, மூணு பிஎஸ்ஐ இறங்கும். பஞ்சர்னு தேடித் தேடிப் பாத்தா ஒண்ணும் கிடைக்காது. பழைய டயரைக் கழட்டினதும் அந்த உதட்டைக் கம்பி பிரஷ்ஷாலயும் 80 நம்பர் எமரி பேப்பராலயும் தேய்ச்சு, துடைச்சு, சிங்க் பிரைமர் மெல்லிசா ஒரு கை அடிச்சுக் காய விடச் சொல்லுங்க. இதுக்கு நேரம் ஆகும்னு முனகுவாங்க, வெயில் நேரத்துல காலையிலேயே வண்டியை விட்டுடுங்க. குழி விழுந்த இடத்துக்கு மட்டும் பீட் சீலர் (டயர் விளிம்புல காத்து கசியாம அடைக்கிற பசை). தடிமனா பெயிண்ட் அடிச்சா அதுவே உரிஞ்சு லீக் ஆகும். ரிம் உதடு மெலிஞ்சு நெளிஞ்சிருந்தா ரிம்மையே மாத்தணும்.

ரப்பர் வால்வு நாலும் புதுசு போடுங்க. டிஆர் 413னு கேட்டா தெரியும். பழசை வளைச்சுப் பாத்தீங்கன்னா அடியில வெடிப்பு தெரியும். டயர்ல மஞ்சள் புள்ளி இருந்தா அது வால்வுக்கு நேரா வரணும், பேலன்சிங் ஈயம் குறையும். ஒரு பக்கத்துக்கு 60 கிராமுக்கு மேல ஈயம் கேட்டுதுன்னா டயரை ரிம்மிலேயே பாதிச் சுத்து திருப்பி மாட்டி மறுபடி பாக்கச் சொல்லுங்க.

அலைன்மென்ட்டுக்கு முன்னாடி முன் சக்கரத்தை ஜாக்கியில தூக்கி ஆட்டிப் பாருங்க. கடிகாரத்துல 9, 3 இருக்கிற இடத்தைப் பிடிச்சு ஆட்டும்போது லொடலொடன்னா டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியோட முனை) போயிருக்கு. 12, 6ல ஆடினா பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்குற கீழ்க் கையில இருக்கிற ரப்பர்) கிழிஞ்சிருந்தா கம்பியால நெம்பிப் பாத்தாலே தெரியும். இந்த வயசு வண்டியில இதுல ஒண்ணாவது போயிருக்கும். அதை மாத்தாம அலைன்மென்ட் பண்ணினா மெஷின்ல பச்சை காட்டும், அடுத்த பள்ளத்துல எல்லாம் போயிடும்.

பழைய டயரைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி தேய்மானத்தைப் படிங்க. ரெண்டு ஓரமும் தேய்ஞ்சிருந்தா காத்து குறைவு, நடு மட்டும் தேய்ஞ்சிருந்தா காத்து அதிகம். உள் ஓரம் மட்டும்னா டோ (சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற கோணம்) அல்லது கேம்பர் (சக்கரம் மேல சாய்ஞ்சிருக்கிற கோணம்). கையை வச்சுத் தடவும்போது மேடு பள்ளமா தட்டினா ஷாக் அப்சார்பர். சிட்டியில முன் கேம்பருக்கும் பின் சக்கரத்துக்கும் சாதாரணமா அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. அங்க சிவப்பு காட்டினா ஏதோ வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். ‘அதையும் அட்ஜஸ்ட் பண்ணிட்டோம்’னு பில் போட்டா எப்படின்னு கேளுங்க.

வீல் நட்டைக் காத்து கன்னாலயே முழுசா இறுக்க விடாதீங்க. போல்ட் நூல் போகும், பிரேக் டிஸ்க்கும் கோணும். டார்க் ரெஞ்ச்ல (இறுக்குற அளவைக் காட்டுற ஸ்பேனர்) 108 நியூட்டன் மீட்டர், குறுக்கு வசமா. 100 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை சரிபாத்துடுங்க.

கெடிலக்கரை (கடலூர்)

உள் ஓரம்தான் அதிகம் தேய்ஞ்சிருக்கு, ரெண்டு முன் டயர்லயும். அப்போ புஷ்ஷை முதல்ல பாக்குறேன். நாலும் 175/65தான். ஸ்டெப்னியை விட்டுடலாமா?

உப்புக்காத்து (கடலூர் முதுநகர்)

ஸ்டெப்னியோட தேதியைப் பாருங்க. வண்டியோட வந்த 2011 டயரா இருந்தா ஒரு தடவை கூடத் தரையில படாம இருந்தாலும் அது கழிவுதான். இப்போ கழட்டுற நாலுல ஒண்ணை ஸ்டெப்னியா வச்சுக்கலாம்னு கடையில சொல்லுவாங்க. வெடிப்பு விட்ட டயர், வேண்டாம். அஞ்சாவதா விலை குறைஞ்ச ரகத்துல அதே 175/65 ஒண்ணு வாங்கிப் போடுங்க. 35 பிஎஸ்ஐ வச்சு, மத்த நாலுக்குக் காத்து பாக்கும்போது இதையும் பாருங்க. மத்த நாலுக்கும் டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுதான், வண்டி ஓடி சூடாகிறதுக்கு முன்னாடி. பங்க்ல பையன் ‘35 அடிச்சிட்டேன்ணே’ன்னு சொன்னா குறைக்கச் சொல்லுங்க.

புது டயர் முதல் 200 கி.மீ. கொஞ்சம் வழுக்கும், அச்சுல இருந்து வர்ற பூச்சு தேயணும். அந்த நேரத்துல மழைன்னா முன்னாடி போற வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விடுங்க.