புதுப்பிப்பு: டர்போ அழுத்தம் குறைந்ததன் காரணம் கிடைத்துவிட்டது

மேட்டில் என் டீசல் கார் இழுக்க மறுக்கிறது, டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) தரும் அழுத்தம் 0.6 பாரைத் தாண்டவில்லை, வேஸ்ட்கேட் (அழுத்தம் மிஞ்சாதபடி புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) தண்டைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் வருவதற்குள் பொறுமையிழந்து இரண்டு சுற்று சுருக்கியும்விட்டேன். அது தவறு.

கோளாறு இன்டர்கூலரின் (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ரப்பர் குழாயில்தான். கிளாம்பைக் கழற்றிய பிறகே தெரிந்தது: அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, சுற்றிலும் எண்ணெய்க் கசிவு. இன்ஜின் சும்மா ஓடும்போது வெடிப்பு மூடியே இருக்கிறது. அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கிறது. மூன்று முறை பார்த்தும் கண்ணில் படாததற்கு அதுவே காரணம். தண்டைத் தொடும் முன் தயவுசெய்து எல்லாக் குழாய்களையும் கழற்றி, வளைத்துப் பாருங்கள்.

புதுக் குழாய் மாட்டியதும் அழுத்தம் 1.3 பாருக்கு எகிறியது. எச்சரிக்கை விளக்கு எரிந்து, இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டது. தண்டைச் சுருக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், வால்வு தாமதமாகத் திறக்கும். நான் செய்த இரண்டு சுற்றின் விளைவு அது. பழைய அளவுக்கே தளர்த்திப் பூட்டு நட்டை இறுக்கினேன். இப்போது முழு வேகத்தில் 1 பாரில் நிலையாக நிற்கிறது. நேற்று அதே மேட்டை மூன்றாம் கியரிலேயே ஏறியது. வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.