வேலூர் பக்கம் நரி கணக்கெடுப்பு: பாதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன, உதவுங்கள்

கேள்வி (குடியாத்தம் வாசி):
வணக்கம். நரி எங்கெல்லாம் மிச்சமிருக்கிறது என்று நண்பர்கள் சேர்ந்து கணக்கெடுக்கிறோம். 2019இல் மூன்றாகப் பிரிவதற்கு முன்பிருந்த வேலூர் மாவட்டம்தான் எல்லை. வரைபடத்தில் கட்டம் போட்டு, தடமும் விட்டையும் தேடுகிறோம், ஆடு மேய்ப்பவர்களையும் விசாரிக்கிறோம். பாலாற்றங்கரையில் புள்ளிகள் குவிகின்றன. ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒன்றுமே இல்லை. அங்கே நரியே இல்லையா, எங்களுக்குத்தான் அகப்படவில்லையா? தடம் நரியுடையதா, தெருநாயுடையதா என்றும் தினம் தகராறு.

பதில் (அணைக்கட்டு):
தடத்தில் நடுவிரல் இரண்டையும் பாருங்க. நரிக்கு அந்த இரண்டு மெத்தையும் பின்பக்கம் ஒட்டியிருக்கும், நாய்க்குத் தனித்தனியாகப் பதியும். ஈர மணலில்தான் இது தெளிவாகத் தெரியும். உங்கள் காலிக் கட்டங்களுக்குக் காரணமும் அதுவாகவே இருக்கலாம். ஆற்று மணல் தடத்தைக் காட்டிக்கொடுக்கும், அடிவாரத்துச் சரளையில் யானை நடந்தாலே தெரியாது. தடம் கிடைக்காததை வைத்து நரி இல்லை என்று எழுதிவிடாதீங்க. எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நடந்தீங்க, எத்தனை தடவை போனீங்க என்பதை, ஒன்றும் கிடைக்காத நாளிலும் குறிச்சு வையுங்க. ஒரே கட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் இல்லாததையும் தவறவிட்டதையும் பிரிக்க முடியும். அடிவாரத்தில் பொழுது சாய்ந்ததும் ஊளை கேளுங்க. விட்டையில் இலந்தைக் கொட்டையும் எலி முடியும் இருக்கா பாருங்க.

பதில் (பேரணாம்பட்டு):
விசாரிக்கும்போது கடைசியாகப் பார்த்தது எந்த வருஷம் என்று அவசியம் கேளுங்க. நரி முகத்தில் முழித்தால் நல்லது என்பதால், சின்ன வயதில் பார்த்ததைக்கூட நேற்றுப் பார்த்த மாதிரி சொல்வாங்க. படமும் காட்டுங்க. குள்ளநரி இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், வால் புசுபுசுவென்று நீளம். நரி அதைப்போல மூன்று மடங்கு கனம். இரண்டையும் ஒரே புள்ளியாக வைத்தால் வரைபடமே வீண். எங்கள் பக்கம் ஆந்திர எல்லையிலுள்ள கௌண்டின்யா சரணாலயத்துக் காட்டு யானைகள் இறங்கும், இருட்டில் தனியாகப் போகாதீங்க.

பதில் (ஆம்பூர்):
ஒரு வேண்டுகோள். வளை இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் போடாதீங்க. நரிக்கொம்பு என்று சொல்லி விற்பதற்காக இன்னும் கொல்கிறார்கள். ஊர்ப் பெயர்கூட வேண்டாம், கட்டத்தின் எண் போதும்.

குடியாத்தம் வாசி:
நன்றி. நேரக் கணக்கை இன்றே படிவத்தில் சேர்க்கிறேன், வளைகளின் இருப்பிடத்தையும் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். காட்டுக்குள் நடக்க வனத்துறைக்கு மனு எழுதப் போகிறேன். அனுமதி கிடைத்தால் ஒடுகத்தூர் பக்கம் கூட வர யாராவது இருக்கீங்களா?

அணைக்கட்டு:
நான் வர்றேன். தேதி சொல்லுங்க.