முதல் நாள் எங்களில் ஒருத்திக்கும் சத்தம் வரவில்லை

குன்னூர் பக்கத்திலிருந்து:

தற்காப்புப் பயிற்சிக்குப் போனவர்கள், பாதியில் நின்றவர்கள், போகலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லாரும் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

எனக்கு வேலை துணிக்கடையில், வீடு எஸ்டேட் லைனில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். கடை முடிந்து பஸ் பிடித்து இறங்கும்போது எட்டேகால் ஆகிவிடும், அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடை. காட்டுமாடு நின்றால் ஓடாதே, ஒதுங்கி வழி விடு. கரடி நடமாட்டம் இருந்தால் சத்தமாகப் பேசிக்கொண்டே நட. இதெல்லாம் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மனுஷன் பின்னால் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வந்துவிடு, அவ்வளவுதான்.

எங்கள் லைனில் ஞாயிறு மூன்று மணிக்குப் பயிற்சி என்றார்கள். கராத்தே, சிலம்பம் இரண்டும் தெரிந்த ஒரு அக்கா வந்தார். 14 பேர் போனோம். அடி, உதை என்று நினைத்துப் போனால் அக்கா முதலில் நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தார். காலை அகட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, உள்ளங்கையை முன்னால் நீட்டி, 'நில்லு' என்று கத்தணும். ஒருத்திக்கும் வரவில்லை! கொழுந்து பறிக்கிற இடத்தில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறவர்கள் நாங்கள், ஒரு ஆள் எதிரில் நிற்கிறான் என்று நினைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரு பெரியம்மா அழுதுவிட்டார், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம்தான் எல்லாருக்கும் வந்தது, வெளியே நாய்கள் குரைக்க ஆரம்பித்துவிட்டன.

அப்புறம்தான் கைப்பிடி. மணிக்கட்டைப் பிடித்தால் நாம் எல்லாரும் நேராகப் பின்னால் இழுப்போம், அது வராது. பிடித்தவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற இடம்தான் பிடியில் பலவீனமான இடம். முழங்கையை மடக்கி அவன் பக்கமாகவே கொண்டுபோய், அந்தச் சந்து வழியாக மணிக்கட்டைத் திருப்பி வெடுக்கென்று உருவணும். உருவியதும் ஓடு என்றார் அக்கா, நின்று சண்டை போடாதே.

மார்கழியில் நடந்தது இது. அதே ஸ்டாப்பில் இறங்குகிற, முகம் தெரிந்த ஒரு ஆள், மூன்றாவது நாளாகப் பின்னால் வருகிறான். பனிமூட்டத்தில் டார்ச் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை, நான் நின்றால் அவன் செருப்புச் சத்தமும் நிற்கிறது. சரிவில் மேட்டுப் பக்கமாக ஏறித் திரும்பினேன். கை தானாக நீண்டது. "நில்லு! அங்கேயே நில்லு! எதுக்குப் பின்னால வர்ற?" லைனில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். வீட்டுக்குப் போய் அம்மா கொடுத்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை, டம்ளர் பல்லில் அடித்துக்கொண்டே இருந்தது.

கலியாணம் ஆக வேண்டிய பெண், ஸ்டேஷன் எதற்கு என்றார் அப்பா. பயிற்சி அக்காவும் இரண்டு அத்தைமாரும் கூட வந்தார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, இவ்வளவு நேரம் கழித்து ஏன் தனியாக வருகிறாய். வேலைக்குப் போகிறவள் வேறு எப்போது வருவாள்? ஆனால் புகார் வாங்காமல் நாங்கள் நகரவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78 இதற்குத்தான். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால் முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. நான் போட்ட சத்தத்தை லைனே கேட்டிருக்கிறது, அதற்கு மேல் எப்படித் தெளிவாகக் காட்டுவது?

கொடைக்கானலிலிருந்து:

நான் பாதியில் நின்றவள் அக்கா. இங்கே ஒரு முகாம் போட்டார்கள், வேலைநாள், காலை பத்து மணிக்கு. ரூம் சுத்தம் செய்கிறவள் அந்த நேரத்தில் எப்படிப் போவேன்? ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். தலை உயரத்துக்கு உதைக்கச் சொன்னார்கள், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருக்கிற எங்களுக்கு அது ஆகிற காரியமா, பேனரோடு போட்டோ எடுத்ததோடு முடிந்தது. சீசனில், மே மாதம், தங்க வந்த ஒருவர் என் கையைப் பிடித்தார். இழுத்தேன், இழுத்தேன், வரவில்லை. பக்கெட் தண்ணீரை அவர் காலில் கொட்டிவிட்டு ஓடினேன். முதலாளி பக்கெட் உடைந்ததைத்தான் கேட்டார்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இப்போது தங்கச்சியைப் பிடிக்கச் சொல்லிச் செய்து பார்த்தேன். ஐந்தாவது தடவை வந்தது.

ஊட்டியிலிருந்து, நர்ஸ்:

இந்தப் பயிற்சியெல்லாம் நிஜத்தில் உதவுமா என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவில் 3 பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு 12 மணி நேரப் பயிற்சி, மீதிப் பேருக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும். ஓர் ஆண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், மற்றவர்களில் 9.8 சதவீதம். அங்கே அதிக நேரம் சொல்லிக்கொடுத்தது தெரிந்த ஆளிடமிருந்து வருகிற ஆபத்தைக் கண்டுகொள்வது, அவனிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது. எங்கள் வார்டுக்கு வருகிற பெண்களும் ராத்திரியில் வந்த முன்பின் தெரியாதவனைப் பற்றிச் சொல்வது குறைவு. மாமா, பக்கத்து வீட்டுக்காரர், மேஸ்திரி, இப்படித்தான் சொல்வார்கள், அதுவும் நாலு தடவை கேட்டால்.

குன்னூர் பக்கத்திலிருந்து, மறுபடியும்:

கொடைக்கானல் தங்கச்சி, உங்கள் லாட்ஜில் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்தால் மாவட்ட உள்ளூர் குழுவில் எழுதிக்கொடுக்கலாம், வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டத்தில் இருக்கிறது. நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தேதியைப் பாருங்கள். உடனே ஆள் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181. பயிற்சி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், இலை எடை போட்டு முடிந்து நாங்கள் வீடு வந்து சேருகிற நேரத்துக்கு வையுங்கள். பெரியம்மா இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறார், சேலையோடு, முன் வரிசையில்.