புது ப்ளாட்பாரம் போட்டும் தெருவுல ஆளே இல்ல, ஏன்?

டெல்டாக்காரன்:
வணக்கம் மக்களே. எங்க ஊர் டெல்டா பக்கம், பேர் வேணாம், நாளைக்கு அதே ஆபீஸ்ல தான் வீட்டு வரி கட்ட போயி நிக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஸ்டேஷன் ரோட்டை மாடல் ரோடுன்னு சொல்லி முழுசா தோண்டி புதுசா போட்டாங்க. நல்ல அகலமா ப்ளாட்பாரம், கிரானைட், ஸ்டீல் பெஞ்சு, குட்டியா ஒரு ஃபவுண்டன், வரிசையா பனை மாதிரி அலங்கார மரம், எல்லாம் பக்கா. தொறந்து வச்ச அன்னிக்கு நல்ல கூட்டம். அதுக்கப்புறம் பாத்தா ஈ காக்கா இல்ல. காலைல நாலு பேர் வாக்கிங் போறாங்க, பகல்ல அந்த பெஞ்சுல உக்காந்தா தோசைக்கல்லுல உக்காந்த மாதிரி இருக்கும், ராத்திரி ஏழு மணிக்கு மேல அது பைக் ஸ்டாண்டு.

ஆனா ரெண்டு தெரு தள்ளி கோயில் குளத்தங்கரை சந்து ஒண்ணு இருக்கு. ப்ளாட்பாரமே கிடையாது, பாதி தார் பாதி மண்ணு, ஒரு டீக்கடை, சுண்டல் வண்டி, பூக்காரம்மா ரெண்டு பேர், பஞ்சர் ஒட்டற தாத்தா, குளத்துப் படிக்கட்டு, இவ்ளோதான். அஞ்சு மணிலேந்து ஒன்பது மணி வரைக்கும் அங்க நிக்க எடம் இருக்காது. எனக்கு இது புரியவே இல்ல, காசு போட்ட எடத்துல ஆள் இல்ல, ஒண்ணுமே பண்ணாத எடத்துல திருவிழா.

இப்ப ஏன் கேக்கறேன்னா அடுத்த கட்டம் கடைத்தெருவாம். அதோட ஸ்டேஷன் ரோட்டுலயும் ஏதோ திருத்தம் பண்ணப் போறாங்களாம். கவுன்சிலர் தெரிஞ்சவர், "தம்பி ஐடியா இருந்தா எழுதிக் குடு, மீட்டிங்ல வைக்கிறேன்"னாரு. நான் பேங்க்ல வேலை பாக்கறவன், இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. என்ன எழுதலாம்?

மல்லிச்சரம்:
அண்ணா முதல்ல ஒண்ணு கேக்கறேன், அந்த ஸ்டேஷன் ரோட்டுல இதுக்கு முன்னாடி தள்ளுவண்டி, பூக்கடை இருந்துச்சா? அவங்கள எங்க அனுப்புனாங்க?

ஏன் கேக்கறேன்னா பொம்பளைங்க ஒரு தெருவுல நிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது கிரானைட்ட பாத்து இல்ல. யாராவது அங்க தினமும் உக்காந்திருக்காங்களான்னு தான் பாப்போம். பூக்காரம்மா, இஸ்திரி வண்டி, ஜூஸ் கடை, இவங்க இருந்தா ஒம்போது மணிக்கும் தைரியமா நடக்கலாம், சிசிடிவி இருக்குன்னு போர்டு மாட்டுனா யாருக்கும் அந்த தைரியம் வராது. அப்புறம் லைட்டு. நம்ம ஊர்ல லைட்ட ரோட்டுக்குத் தான் போடறாங்க, உசரமா கம்பம், அதுக்குக் கீழ மரம், மரத்துக்கு அடில ப்ளாட்பாரம் கும்மிருட்டு. நடக்கறவங்களுக்கு தாழ்வா தனி லைட்டு வேணும். டாய்லெட்டும் எழுதுங்க, ஆம்பளைங்க யாரும் எழுத மாட்டீங்க, ஆனா அது இல்லாம எந்தத் தெருவுலயும் எங்கம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்க மாட்டாங்க.

டெல்டாக்காரன்:
ஆமா சிஸ்டர், இருந்தாங்க. அழகு கெடுதுன்னு பஸ் ஸ்டாண்டு பின்னாடி அனுப்பிட்டாங்க, அங்க யாவாரமே இல்லன்னு பாதி பேர் தொழிலயே விட்டுட்டாங்க. மீதி பேர் தான் இப்ப குளத்தங்கரைல. இத நான் சேத்துப் பாக்கவே இல்லயே!

கோடும்கோணமும்:
உங்க கேள்விக்குப் பாதி பதில் நீங்களே இப்ப சொல்லிட்டீங்க. நான் ஆர்க்கிடெக்ட், ரோடு வேலைல கொஞ்ச வருஷம் இருந்தவன், மீதிய சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் மன்னிக்கவும்.

தெருவ எல்லாரும் தரையா பாக்கறாங்க. டெண்டர்லயும் தரை தான் வரும், ஏன்னா சதுர மீட்டர் கணக்குல பில் போட அதுதான் வசதி. ஆனா நடக்கறவன் தரைய பாக்கறதில்ல, பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்கறான். மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போறவனுக்கு ஒவ்வொரு பத்து அடிக்கும் ஏதாவது ஒண்ணு கண்ணுல படணும், ஒரு கதவு, ஒரு ஜன்னல், கண்ணாடிக்குள்ள பொடவை, எண்ணெய்ல வேகற வடை. டென்மார்க்ல கோபன்ஹேகன்ல யான் கெல்னு ஒரு ஆர்க்கிடெக்ட் வாழ்நாள் முழுக்க இதையே தான் அளந்துட்டு இருந்தாரு, 100 மீட்டருக்கு 15, 20 கதவு இருந்தா அத உயிரோட இருக்கற தெரு ஓரம்னு வச்சுக்கலாம்னு சொன்னவரு. உங்க ஸ்டேஷன் ரோட்டுல ஒரு பக்கம் நீளமா காம்பவுண்டு சுவர் இருக்கணுமே, இருக்கா? ஸ்டேஷன் ரோடுன்னாலே ஏதாவது ஆபீஸ் சுவர் இருக்கும்.

அடுத்தது உக்கார்ற எடம். நியூயார்க்ல 1961ல ஒரு விதி வந்துச்சு, கட்டடத்துக்கு முன்னாடி பொது முற்றம் விட்டா மேல கூடுதல் மாடி கட்டிக்கலாம்னு. எல்லாரும் விட்டாங்க, பாதி முற்றம் காலியா கெடந்துச்சு. வில்லியம் வைட்னு ஒருத்தர் 70கள்ல கேமராவ வச்சு ஏன்னு பாத்தாரு. சூரிய வெளிச்சம், அழகு, பரப்பளவு எல்லாத்தையும் அலசிட்டு கடைசில கண்டுபிடிச்சது என்னன்னா உக்கார எடம் இருக்கற எடத்துல ஜனங்க உக்கார்றாங்க, அவ்ளோதான் (நம்ம பாட்டிய கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லிருக்கும்). அதுக்கப்புறம் 1975ல விதியவே மாத்தி, முற்றத்துல 30 சதுர அடிக்கு ஒரு அடி நீளம் உக்கார்ற எடம் இருக்கணும்னு எழுதுனாங்க. ரோட்டுக்கு முதுகு காட்டி வரிசையா நாலு ஸ்டீல் பெஞ்சு போட்டா உக்கார்ற எடம் ஆகாது. படிக்கட்டு, மேடை, மரத்தச் சுத்தி திண்டு, சுவரோரம் முழங்கால் உசரத்துக்கு ஒரு விளிம்பு, இதெல்லாம் தான் வேலை செய்யும். உங்க குளத்துப் படிக்கட்டு ஏன் நெறையுதுன்னு இப்ப தெரியுதா, எத்தன பேர் வந்தாலும் உக்காரலாம், எல்லாருக்கும் முன்னாடி பாக்க ஏதோ ஒண்ணு இருக்கு.

நமக்கு இது புதுசே இல்ல. திண்ணை என்னது? வீடும் தெருவும் சந்திக்கற எடத்துல ஒரு உக்கார்ற மேடை, நெழல் கூரையோட, அங்கேந்து தெருவ கண்காணிக்கவும் ஆள் இருக்கு. பழைய பாதைகள்ல சுமைதாங்கிக் கல் பாத்திருப்பீங்க, தலைச்சுமையோட வர்றவங்க யார் உதவியும் இல்லாம எறக்கி வைக்கற உசரத்துல. நடக்கறவங்களுக்குன்னே கணக்குப் பண்ணி வச்ச கல்லு அது. இன்னிக்கு எத்தன கோடி போட்டாலும் பையை வைக்க ஒரு எடம் கிடையாது.

அளவு வேணும்னா ஐஆர்சி 103 கேளுங்க, ப்ளாட்பாரத்துக்கான இந்திய வழிகாட்டி. நடக்கறதுக்கு மட்டும் தடையில்லாம 1.8 மீட்டர், கடைத்தெருன்னா 2.5, உசரம் 150 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது. இபி பாக்ஸ், மரம், கம்பம் எல்லாம் இந்த 1.8க்கு வெளிய தான் வரணும். முக்கியமா ஒவ்வொரு கேட்டுக்கும் ப்ளாட்பாரத்த எறக்கி ஏத்தி ஒட்டகம் மாதிரி போடுவாங்க, அத விடாதீங்க, ப்ளாட்பாரம் ஒரே மட்டத்துல போகணும், கார் தான் ஏறி எறங்கணும்.

மரம்: அந்த அலங்காரப் பனைய மறந்துடுங்க, நெழலே தராது. புங்கை, வேம்பு, பூவரசு. அடிய சுத்தி சிமெண்ட் பூசாம மண்ணு விடச் சொல்லுங்க.

ஜவுளிமாமா:
எல்லாம் படிக்க நல்லாருக்கு. நான் கடை வச்சிருக்கறவன், என் பக்கத்த யாரு பேசறது? எங்க தெருவுல இதே வேலைன்னு பத்து மாசம் தோண்டிப் போட்டாங்க, தீபாவளி யாவாரம் போச்சு. கஸ்டமர் வண்டிய கடை வாசல்ல விடணும்னு நெனைக்கறாரு, அரை கிலோமீட்டர் நடந்து வந்து எவன் என்கிட்ட பட்டுப்பொடவை எடுப்பான்? இதுல தள்ளுவண்டிய வேற கொண்டாந்து என் வாசல்ல நிறுத்தச் சொல்றீங்க. வாடகை நான் கட்றேன், ஜிஎஸ்டி நான் கட்றேன்.

மாம்பலம்வாசி:
மாமா கோவப்படாதீங்க, உங்க பேச்சுல நியாயம் இருக்கு, ஆனா ரெண்டு விஷயம் சொல்லணும். கோபன்ஹேகன்ல ஸ்ட்ரோயட்னு கடைத்தெரு, 1962ல காருக்கு மூடுனாங்க, அப்ப அங்க இருந்த கடைக்காரங்க சொன்னதும் உங்க வசனம் தான், நாம என்ன இத்தாலிக்காரனா தெருவுல உலாத்தறதுக்கு, யாவாரம் படுத்துடும்னாங்க. இன்னிக்கு அந்த ஊர்லயே அதிகம் நடமாட்டம் உள்ள கடைத்தெரு அதுதான்.

அவ்ளோ தூரம் போவானேன், சென்னை தி.நகர் பாண்டி பஜார் எங்க வீட்டுலேந்து பத்து நிமிஷம். 2019 நவம்பர்ல நடைபாதை வளாகமா மாத்தித் தொறந்தாங்க. ரோட்ட சுருக்கி ப்ளாட்பாரத்த விரிச்சாங்க, வண்டியும் போகுது. அங்க கூட்டம் வர்றதுக்குக் காரணம் டிசைன் பாதி தான், மீதி என்னன்னா ஏற்கனவே பெரிய மரம் இருந்துச்சு, கடை கடையா ஒட்டி இருந்துச்சு, ஒண்ணுமே மாத்தாட்டியும் ஜனம் வர்ற தெரு அது. இப்ப குழந்தைய வச்சிக்கிட்டு மெதுவா போக முடியுது, வயசானவங்க நடுவுல உக்காந்து மூச்சு வாங்க முடியுது, அதான் வித்தியாசம். பைக்க மேல ஏத்தறவன் அங்கயும் இருக்கான். தள்ளுக்கடை விஷயத்துல மட்டும் எனக்கு வருத்தம், வளாகம் வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே ப்ளாட்பாரக் கடைக்காரங்கள ஒரு கட்டடத்துக்குள்ள மாத்திட்டாங்க. தெருவுல நடந்து போறப்ப கண்ணுல பட்டு வாங்கற பொருள மாடி ஏறி யாரு போயி வாங்குவா?

செலவே இல்லாம பாக்கணும்னா பாண்டிச்சேரி பீச் ரோடு. சாயங்காலம் ஆறு மணிக்கு பேரிகேட வச்சு மூடுவாங்க, காலைல ஏழரைக்குத் தொறப்பாங்க. அவ்ளோ தான் திட்டம், ஊரே அங்க தான் இருக்கும். டெல்டா தம்பி, கடைத்தெருவுலயும் தோண்டறதுக்கு முன்னாடி நாலு ஞாயித்துக்கிழம சாயங்காலம் கயிறு கட்டிப் பாருங்க, சரி வரலன்னா கயித்த அவுத்துடலாம்.

டெல்டாக்காரன்:
இன்னிக்கு சாயங்காலம் போயி எண்ணிப் பாத்தேன், வாட்ச்மேன் சந்தேகமா பாத்தாரு. ஸ்டேஷன் ரோடு தெற்கு வடக்கா போகுது. கிழக்குப் பக்கம் கடைங்க, நான் அளந்த 100 மீட்டர்ல கதவு 11, அதுல மூணு ஷட்டர் பூட்டு. மேற்குப் பக்கம் கோடும்கோணமும் அண்ணன் ஜோசியம் பாத்த மாதிரியே சுவர், முழு நீளத்துக்கும், கதவு சைபர். பெஞ்சு எல்லாம் கடைப் பக்கம், சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. சுவர் பக்கம் உள்ளேந்து வேப்பமரம் தலைய நீட்டுது, நாலு மணிக்கே நல்ல நெழல், ஆனா உக்கார ஒண்ணுமில்ல.

கோடும்கோணமும்:
அட, அப்ப வேலை சுலபமாச்சே. தள்ளுவண்டிங்கள சுவர் பக்கம் கொண்டாங்க! சுவருக்கு முதுகு, எதிர்ல ஜனம், எந்தக் கடை வாசலும் மறையாது, ஜவுளிமாமா மாதிரி ஆளுங்களுக்கும் பிரச்சனை இல்ல. சுவரோரம் ஒன்றரை அடி அகலம் ஒன்றரை அடி உசரம் ஒரு சிமெண்ட் திண்ணை, வண்டி நிக்காத எடத்துல எல்லாம். வண்டி சுவர ஒட்டி ஒரே கோட்டுல நிக்கணும், நடக்கற 1.8 மீட்டர் காலியா இருக்கணும், தரைல பெயிண்ட் கோடு போட்டா போதும்.

இதுக்கு சட்டமே இருக்கு. 2014 தெரு வியாபாரிகள் சட்டம். கணக்கெடுத்து முடிக்கற வரைக்கும் யாரையும் கிளப்பக் கூடாது, ஊர்ல நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், அதுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆளுங்க, அந்த ஆளுங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள். கவுன்சிலர்கிட்ட முதல் கேள்வியா இத வைங்க: குழு இருக்கா, கடைசியா எப்ப கூடுச்சு.

ஜவுளிமாமா:
சுவர் பக்கம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா எண்ணெய சாக்கடைல ஊத்துனா நான் பொறுப்பில்ல, குப்பைத் தொட்டியும் கை கழுவ தண்ணிக் குழாயும் எஸ்டிமேட்ல சேக்கச் சொல்லு தம்பி. அப்புறம் வேலைய கடைத்தெருவுல ஒரே நேரத்துல தோண்ட விடாத, ஐம்பது மீட்டர் ஐம்பது மீட்டரா முடிச்சுட்டு நகரச் சொல்லு, ஆடில ஆரம்பிச்சா தீபாவளிக்குள்ள மூடணும்னு எழுதி வாங்கு.

மல்லிச்சரம்:
டாய்லெட்டு எழுதுனீங்களா?

டெல்டாக்காரன்:
முதல் வரியே அதுதான் சிஸ்டர். குளத்தங்கரை பூக்காரம்மாகிட்ட வர்றீங்களான்னு கேட்டேன், "சுவர் பக்கம் நெழலு இருக்கே வர்றேன், ஆனா எழுதிக் குடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சு மறுபடி தொரத்துவீங்களா"ன்னு கேட்டுச்சு. பதில் சொல்லத் தெரியல. வியாழக்கிழம மீட்டிங், அந்த விற்பனைக் குழு சமாச்சாரத்த தான் முதல்ல கேக்கப் போறேன், என்ன சொன்னாங்கன்னு வந்து போடறேன்.